ரோண்டா வாயைத் திறக்கவில்லை

ரோண்டா கொய்விஸ்டோ எக்ஸ்ரே படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது எங்கள் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அடுத்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலையைத்தான் அவள் இருபது வருஷமாகச் சும்மா செய்துகொண்டிருந்தாள். அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்று தெரிந்தால் விடுவாளா?

ஊரிலுள்ள ஒரே மளிகைக் கடையில் பில் போடுகிறவள் அவள். கூடையைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவாள். வயிற்றெரிச்சல் மாத்திரையும் நல்ல மேஜைவிரிப்பும் ஒன்றாக வந்தால் அந்த வீட்டுக்கு மாமியார் வருகிறாள். ஒற்றை ஆள் பீட்சாவும் சவரக் கத்தியும் வந்தால் அந்த ஆளை மனைவி வெளியே அனுப்பிவிட்டாள். சாயங்காலம் கார்லா லாம்பியின் முடிதிருத்தும் கடையில் அவள் கொட்டும் செய்திக்காகவே தலைமுடி வளராதவர்கள்கூட வந்து உட்கார்ந்திருப்பார்கள். நானும்தான்.

ஆனால் அந்தப் படிப்பில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஏரிக்கரை நெடுக உள்ள ஊர்களுக்கெல்லாம் அந்த ஒரு கம்யூனிட்டி காலேஜ்தான். பத்துப் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள்; நூறு பேர் முண்டியடிப்பார்கள். பரீட்சைக்குப் புள்ளி, பழைய மார்க்குக்குப் புள்ளி, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க நின்று வேலையைப் பார்த்துவிட்டு வருவதற்குப் புள்ளி, கடைசியில் நேர்முகம். ரோண்டா ஏற்கெனவே இரண்டு தடவை மயிரிழையில் நழுவவிட்டவள். இந்தத் தடவைதான் கடைசி. உடற்கூறு பாடத்தில் வாங்கிய மார்க்குக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். அதற்கப்புறம் அது கெட்டுப்போன பால்; மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். நாற்பத்துநாலு வயதில் உடம்பிலுள்ள எலும்பையெல்லாம் இன்னொரு முறை மனப்பாடம் செய்ய ரோண்டாவால் ஆகாது. செய்தாலும் அவள் கணவன் கீத்தால் கேட்க முடியாது. பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற அந்த மனுஷனுக்கே இப்போது மணிக்கட்டு எலும்புகளின் பெயர் தலைகீழாகத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே யாரைப் பார்த்தாலும் எதைப் பார்த்தாலும் வெளியே மூச்சு விடக் கூடாது. போன வருஷம் ஒரு பெண், ஆஸ்பத்திரி நடையில் நின்று தன்னைத்தானே படம் பிடித்துப் போட்டாள். பின்னால் தள்ளுவண்டியில் யாரோ ஒருவரின் கால் தெரிந்தது. அந்தக் காலோடு அவளுடைய இடமும் போயிற்று. படிப்புக்குத் தலைவியான மிஸஸ் டுஷேன் அப்படிப்பட்ட ஆள்.

"நீ கையெழுத்துப் போட்டியா? நீயா?" என்று கேட்டுவிட்டு, கீத் நெடுநேரம் சிரித்தான்.

அந்த நாள் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. ஷெல்பி மாட்சன் என்ற எக்ஸ்ரே டெக்னீஷியன் பின்னால் ரோண்டா நிழல் மாதிரி திரிந்தாள். ஷெல்பிக்கு அவளுடைய வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் நேர்முகத்திலும் உட்காரப்போகிறவள், அதனால் ரோண்டா அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டாள். பனியில் வழுக்கி உடைந்த மணிக்கட்டு ஒன்று வந்தது. விடாத இருமல் ஒன்று வந்தது. அடுத்த ஆளிடம் ஷெல்பி திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"சார், இன்னிக்கு எங்ககூட ஒருத்தங்க வேலையைப் பாக்க வந்திருக்காங்க. அவங்க உள்ள நிக்கலாமா? உங்களுக்கு வேண்டாம்னா தாராளமா சொல்லுங்க."

"நிக்கட்டுமே. எனக்கென்ன?"

குரலைக் கேட்டதுமே ரோண்டாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. திரை விலகியது. முதுகுப் பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியும் காலில் முட்டிவரை கம்பளி சாக்ஸுமாக வெர்னன் கங்காஸ் நின்றுகொண்டிருந்தார்.

வெர்னனைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. தூண்டில் கடைக்காரர், மனைவியை இழந்தவர். ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கும் போட்டியை வருஷா வருஷம் நடத்துகிறவரும் அவர்தான், அதற்கு நடுவரும் அவர்தான்.

"ரோண்டாவா?" என்றார், அங்கியின் பின்பக்கத்தை அவசரமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

"வணக்கம் சார்," என்றாள் ரோண்டா, முன்பின் பார்த்திராதவள் மாதிரி. இருபது வருஷமாக அவர் எந்த டப்பா பீன்ஸ் வாங்குவார் என்று தெரிந்தவள்.

படம் திரையில் வந்தது. விலா எலும்புக்குக் கீழே, வயிற்றுக்குள், வெள்ளை வெளேரென்று ஒரு தூண்டில் முள். நகத்தைவிடச் சின்னது. தலையில் குட்டி ஈயக்குண்டு, வளைவு, கூர், எல்லாம் கடையில் தொங்கவிட்ட மாதிரி அத்தனை தெளிவு.

ஷெல்பி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், இது எப்படி உள்ள போச்சு?"

வெர்னன் கூரையைப் பார்த்தார், சாக்ஸைப் பார்த்தார், ரோண்டாவைப் பார்த்தார்.

"தும்மினேன்," என்றார்.

இது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் நடக்கும். பனியில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறபோது இரைப் புழு விறைத்துப்போகாமல் இருக்க அதைக் கடைவாயில் அதக்கிக்கொள்வது இங்கே வழக்கம். முகம் சுளிக்க வேண்டாம். வெற்றிலை போடுகிற மாதிரிதான். அத்தோடு நிற்காமல், கை விறைத்து நூல் சிக்கிக்கொண்டால் முள்ளையும் பல்லில் கவ்விக்கொள்கிறவர்கள் உண்டு. 'முள்ளை வாயில் வைக்கிறவன் மடையன்' என்று தன் கையால் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருப்பவர் வெர்னன். குளிர்காலம் தோறும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு அதையே அரைமணி நேரம் பிரசங்கம் செய்கிறவரும் வெர்னன்.

டாக்டர் பார்த்துவிட்டு, சின்னதுதான், தானாகவே இறங்கிவிடும், கனமாகவும் மெத்தென்றும் சாப்பிடுங்கள், சில நாள் கழித்து வந்து இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ரோண்டா ஒரு சொல் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில் தனியாக இருந்தபோதுகூட சிரிக்கவில்லை. ஒரு தடவை ஆரம்பித்தால் அப்புறம் நிற்காது என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். அந்தச் சிரிப்பை அப்படியே விழுங்கினாள். வெர்னன் விழுங்கினதைவிட அது பெரிசு.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் கார்லா வீட்டுக் கொல்லையில் சவுனா, அதாவது ஆவிக்குளியல். மரப்பலகை அறை, அடுப்பின் மேல் பழுக்கக் காய்ந்த கற்கள், துண்டைச் சுற்றிக்கொண்டு மேல் படியில் இரண்டு சிநேகிதிகள். பள்ளிக்கூட நாளிலிருந்து இப்படித்தான். எங்கள் ஊரின் பாதி உண்மைகள் அந்த ஆவியில் வெந்து வெளியே வந்தவை.

"ம், சொல்லு," என்றாள் கார்லா.

"என்னத்தச் சொல்ல?"

"ஆஸ்பத்திரிக்கு யார் யார் வந்தா?"

"நெறைய பேர் வந்தாங்க."

"அந்த நெறைய பேருக்கு ஆளுக்கொரு பேர் இருக்குமேடி?"

"நான் சொல்லக் கூடாது கார்லா. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நான் என்ன பேரா கேட்டேன்? குண்டா ஒரு பொம்பள வந்தா, கால் வீங்கியிருந்துச்சு, அப்படின்னு பொதுவா சொல்லேன்."

"அதுவும் கூடாது."

கார்லா ஒரு கரண்டி தண்ணீரை மொண்டு கற்களில் விட்டாள். உஸ்ஸென்று ஆவி எழுந்து ரோண்டாவின் காது மடலைச் சுட்டது.

"அப்ப நம்ம ஊர் ஆள் யாரோ வந்திருக்காங்க."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீ சொல்லலையே, அதான். தெரியாத ஆளா இருந்தா இந்நேரம் அவங்க போட்டிருந்த சாக்ஸ் என்ன கலருன்னு சொல்லி முடிச்சிருப்பே."

சாக்ஸ் என்றதும் ரோண்டா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு கரண்டி தண்ணீர்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"கார்லா, போதும்டி, வேகுது!"

"வேகட்டும். வியாழக்கிழமை காலையில எங்க வீட்டுக்காரருக்குப் புழு வாங்க வெர்னன் கடைக்குப் போனேன். பூட்டிக் கிடந்துச்சு. பிப்ரவரி மாசத்துல! பொண்டாட்டி செத்த அன்னிக்கே மத்தியானம் கடையத் தொறந்த மனுஷன்." கார்லா குனிந்து ரோண்டாவின் முகத்தை எட்டிப் பார்த்தாள். "வெர்னனா?"

ரோண்டாவின் கண்ணுக்கு முன்னால் அந்த அங்கி வந்தது. கம்பளி சாக்ஸ் வந்தது. 'தும்மினேன்' என்ற அந்தக் குரல் வந்தது. உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு கன்னத்தில் வழிந்தது.

கார்லாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "ஐயோ… ரோண்டா… அவ்வளவு மோசமா?"

வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும். ரோண்டா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இல்லை, இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். பிழைக்க மாட்டார் என்று கார்லா எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடை திறந்தபோது ரோண்டாவின் கவுண்டரில் காளான் சூப் டப்பாக்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. காளான் சூப், நூடுல்ஸ், அரைத்த மாட்டிறைச்சி, சீஸ். எங்கள் ஊரில் யாராவது செத்தாலோ சாகக் கிடந்தாலோ பெண்கள் செய்து எடுத்துக்கொண்டு ஓடுவது காஸரோல்தான். எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி, அடுப்பில் வேகவைத்து, மூடியில் பெயர் எழுதி ஒட்டிக் கொடுப்பது. அதுவும் மனைவியை இழந்த ஆள், சொந்த வீடு, சொந்தக் கடை. கணவனை இழந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் அன்று காலை பனியில் வண்டி ஓட்டிய வேகத்தைப் பார்த்தால் சாகப்போவது அவர்களோ என்று தோன்றும்.

அதில் முதல் ஆள் ஹெல்மி ருவோனா. உதட்டுச் சாயம் வேறு பூசியிருந்தாள்.

"கண்ணு, உன்னால எதுவும் சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும்," என்று ரோண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ அழுததே போதும்."

"நான் அழல ஹெல்மி."

"தெரியும், தெரியும். தைரியமான பொண்ணு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அவருக்கு சீஸ் சேருமா?"

"நீங்க யாரைப் பத்திப் பேசறீங்கன்னே எனக்குத் தெரியாது."

ஹெல்மி பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பினாள். "பாத்தியா, எவ்வளவு அழகா மறைக்கிறா! வயித்துல கட்டியாம். எலுமிச்சம்பழம் அளவு இருக்காம்."

காலையில் எலுமிச்சை அளவாக இருந்த கட்டி மத்தியானத்துக்குள் கையளவாகி, கடை மூடுவதற்குள் இரண்டாகிவிட்டது. ரோண்டா டப்பா டப்பாவாக எடுத்து பில் போட்டாள். ஒரே ஒரு வாக்கியம் போதும், ஊர் முழுக்க அடுப்பு அணைந்துவிடும். ஆனால் அவருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் அவரைப் பார்த்தேன் என்று சொன்ன மாதிரிதான். வாயைத் திறந்தாலும் மாட்டுவாள், மூடினாலும் மாட்டுவாள். இத்தனை வருஷம் பேசியே பேரெடுத்தவளுக்கு இப்போது பேசாததால் கெட்ட பேர்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. மிஸஸ் டுஷேன்.

"ரோண்டா, புதன்கிழமை நேர்முகத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்திடுங்க. ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கு." குரல் வெளியே இருந்த ஏரியைவிடக் குளிர்ந்திருந்தது. "எங்க அண்ணி உங்க ஊர் சர்ச்சுக்குத்தான் வர்றாங்க. நேத்து ஒருத்தருக்காக எல்லாரும் ஜெபம் பண்ணாங்களாம். அதுல உங்க பேரும் அடிபட்டுச்சாம்."

ரோண்டா போனை வைத்துவிட்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கீத் பூட்ஸைக் கழற்றாமலே வந்து நின்றான்.

"நீ ஒண்ணும் சொல்லலதானே?"

"சொல்லல கீத். சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல."

"அப்புறம் என்ன?"

"யாரு நம்புவா? நான் சொன்னேன்னா நம்புவாங்க. சொல்லலைன்னா யாரு நம்புவா?"

கீத் குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். அவனே பாதிதான் நம்பினான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் இருட்டும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம். வெர்னன், கையில் கழுவித் துடைத்த காஸரோல் பாத்திரங்கள் அடுக்கு. முகம் முன்னைவிடப் பளபளவென்று இருந்தது.

"இதை ஹெல்மிகிட்ட நீயே குடுத்திடறியா? நான் போனா உட்கார வெச்சுக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா."

"வாங்க வெர்னன். குளிருது, உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். "ரோண்டா, அன்னிக்கு நீ பாத்தியே…"

"நான் ஒண்ணும் பாக்கல."

"அட, நீதான் அங்க நின்னியே! கிளம்பறப்ப என் கோட்டைக்கூட நீதானே எடுத்துக் குடுத்தே."

"உங்களை நான் கடையிலதான் பாத்திருக்கேன்."

வெர்னன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஊரு நான் சாகப்போறேன்னு பேசிக்குது."

"அப்படியா? எனக்குத் தெரியாது. ஆனா ஒருத்தரைப் பத்தி ஊரு தப்பா பேசுதுன்னு வெச்சுக்குங்க, அந்த ஒருத்தரு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் முடிஞ்சிடும். அவருக்கு வாய் இருக்குல்ல?"

"சனிக்கிழமை போட்டி இருக்கு ரோண்டா! நான் நடுவரு. கடையில மாட்டியிருக்கற போர்டை நீ பாத்திருக்கே. இது இப்ப வெளிய வந்தா பொடிப்பசங்ககூட என்னைப் பாத்து வேணும்னே தும்முவானுங்க. சனிக்கிழமை முடியட்டும்." கொஞ்சம் நிறுத்தி, வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "அதுவும் இல்லாம, டாக்டர் மெத்துனு சாப்பிடச் சொன்னாரு. ஹெல்மியோட நூடுல்ஸ் நல்லாத்தான் இருக்கு."

"எனக்கு நாளைக்கு நேர்முகம்," என்றாள் ரோண்டா. "நான்தான் ஊரெல்லாம் சொன்னேன்னு காலேஜ்ல நெனைக்கறாங்க. எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு."

வெர்னன் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெறும் பாத்திரங்கள் மட்டும் மேஜைமேல் நின்றன.

புதன்கிழமை, நல்ல சட்டையும் தேவாலயத்துக்குப் போடும் ஷூவுமாக ரோண்டா காலேஜில் போய் உட்கார்ந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மிஸஸ் டுஷேன். ஓரத்தில், தலையைக் குனிந்துகொண்டு ஷெல்பி.

"நேராவே கேட்டுடறேன்," என்றாள் மிஸஸ் டுஷேன். "ஆஸ்பத்திரியில பாத்த ஒருத்தரைப் பத்தி வெளிய பேசினீங்களா?"

"இல்ல மேடம்."

"உங்க ஊர்ல ஒருத்தருக்கு வயித்துல கட்டின்னு பேசிக்கறாங்க. நீங்க சிநேகிதிகிட்ட அழுதீங்கன்னும் சொல்றாங்க. அழுதீங்களா?"

ரோண்டா யோசித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. "கண்ணுல தண்ணி வந்துச்சு மேடம்."

"ஏன்?"

"அதைச் சொல்ல முடியாது."

"அந்த ஆளை நீங்க அங்க பாத்தீங்களா?"

"அதையும் சொல்ல முடியாது மேடம். யாரைப் பாத்தேன், யாரைப் பாக்கலைன்னு எதுவுமே சொல்லக் கூடாதுன்னுதான் கையெழுத்து வாங்கினீங்க."

மிஸஸ் டுஷேன் கண்ணாடியைக் கழற்றினாள். போன வருஷத்துப் பெண்ணிடமும் இப்படித்தான் கண்ணாடியைக் கழற்றினாள் என்று ரோண்டா கேள்விப்பட்டிருந்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். மணிக்கட்டு எலும்புகள் எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அவளை விட்டுப் போவது போல இருந்தது.

அப்போதுதான் ஷெல்பியைப் பார்த்தாள். ஷெல்பியின் உதடு பல்லுக்கடியில் இருந்தது. தோள் லேசாகக் குலுங்கியது. கண் ஓரம் ஈரம்.

"மிஸஸ் டுஷேன்," என்றாள் ஷெல்பி, குரலைச் சிரமப்பட்டு நேராக்கிக்கொண்டு. "அன்னிக்குப் பூரா அந்த ரூம்ல நான் இருந்தேன். அந்த ஊர்ல பேசிக்கறது அந்த ரூம்லேர்ந்து வந்த பேச்சு இல்ல. ரோண்டா வாயைத் திறந்திருந்தா, அந்த ஊரு பேசறது வேற மாதிரி இருந்திருக்கும்."

"வேற மாதிரின்னா?"

"அதை என்னால சொல்ல முடியாது."

மிஸஸ் டுஷேன் ஷெல்பியின் ஈரக் கண்ணைப் பார்த்தாள். பிறகு ரோண்டாவின் முகத்தைப் பார்த்தாள். அதுவும் ஈரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"நேர்முகத்துல ஒரு கேள்வி எப்பவும் கேப்போம். 'ஒரு விஷயத்தை வெளிய சொல்லாம காப்பாத்தின அனுபவம் ஒண்ணு சொல்லுங்க'ன்னு." தாளில் எதையோ அடித்தாள். "உங்ககிட்ட அதைக் கேக்கப்போறதில்ல. முழுப் புள்ளி போட்டுக்கறேன். அடுத்த கேள்விக்குப் போவோமா?"

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் ரோண்டா முதல் வேலையாக அந்தத் தேவாலயத்து ஷூவைக் கழற்றிப் போட்டாள். தோள்பட்டையில் ஒரு வாரமாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. அப்போதும் சிரிக்கவில்லை. வெர்னன் வாய் திறக்கிறவரை அது அவருடைய சொத்து.

சனிக்கிழமை ஊர் முழுக்க ஏரிமேல் இருந்தது. பனிக்கட்டியில் நூறு துளை, நூறு வாளி, வாளிமேல் நூறு ஆட்கள், எல்லார் கடைவாயிலும் புழு. வெர்னன் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி வழக்கம்போல் அதட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் அவரைப் பார்த்துப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள்.

பரிசு கொடுக்கிற நேரம் வந்ததும் ஹெல்மி ருவோனா ஒலிபெருக்கியை வாங்கினாள். கார்லா ஒரு துணியை விலக்கினாள். உள்ளே பளபளவென்று ஒரு கோப்பை.

"இந்த வருஷத்துலேர்ந்து," என்றாள் ஹெல்மி தழுதழுத்து, "இந்தப் போட்டிக்கு 'வெர்னன் கங்காஸ் நினைவுக் கோப்பை'ன்னு பேரு வெச்சிருக்கோம்."

எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். உயிரோடு எதிரே நின்றுகொண்டிருந்த வெர்னன், பழக்கதோஷத்தில் தானும் தொப்பியைக் கழற்றினார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. கோப்பையில் தன் பெயரைப் பார்த்தார், அதன் பக்கத்தில் பிறந்த வருஷத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தது. இவருக்காகக் காத்திருந்தது.

"குடு அதை!" என்று ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "நான் சாகல! எனக்குக் கட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! முள்ளை முழுங்கிட்டேன்! போதுமா? வாயில முள்ளை வெச்சிருந்தேன், தும்மினேன், முழுங்கிட்டேன். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி படம் எடுத்தேன், போயிடுச்சு. நீங்க குடுத்த காஸரோல்தான் அதைத் தள்ளிக்கிட்டுப் போச்சு."

ஏரியே மூச்சடக்கி நின்றது. பிறகு பின்வரிசையில் யாரோ, ரொம்பப் பணிவாக, தும்மினார்கள்.

நூறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் பனிக்கட்டி அதிரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அன்று விழுங்கப்பட்ட புழுக்களுக்குக் கணக்கில்லை. ஹெல்மி மட்டும் சிரிக்கவில்லை. "என் மிச்சப் பாத்திரத்தையும் திருப்பிக் குடுங்க," என்றாள்.

சத்தம் அடங்கினதும் வெர்னன் இன்னொரு தடவை ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். இப்போது குரல் இறங்கியிருந்தது. "இன்னொண்ணு. ரோண்டாதான் ஊரெல்லாம் சொன்னான்னு காலேஜ்ல நெனைச்சாங்களாம். அவ அந்த ரூம்ல நின்னு எல்லாத்தையும் பாத்தா. என் வீட்டு வாசல்வரைக்கும் காஸரோல் வந்துச்சு, அவ வாயிலேர்ந்து ஒரு சொல் வரல. நான் கேட்டப்பகூட என்னை அங்க பாக்கவே இல்லைன்னுட்டா. செவ்வாய்க்கிழமையே இதை நான் சொல்லியிருக்கணும்."

எல்லாரும் திரும்பி ரோண்டாவைப் பார்த்தார்கள். கார்லாவின் வாய் திறந்தபடி இருந்தது. கீத் மனைவியைப் புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்; இந்தத் தடவை முழுசாக நம்பினான்.

ரோண்டா காப்பிக் குவளையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு எதுவும் தெரியாதே," என்றாள்.

பனி உருக ஆரம்பித்த ஒரு காலையில், கடையில் பால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது காலேஜிலிருந்து போன் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ரோண்டா பால் குளிர்பெட்டிக்குள் தலையை நீட்டி ஒரு கூச்சல் போட்டாள். மாவு அடுக்கிய பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அப்புறம் பால் பெட்டிமேலேயே உட்கார்ந்து, பெருமூச்சு மாதிரி எதையோ விட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது கடையில் ஒரு விநோதம் நடக்கிறது. வெளியே தெரியக் கூடாத எதையாவது வாங்க வருகிறவர்கள் பக்கத்துக் கவுண்டர் காலியாக இருந்தாலும் ரோண்டாவின் வரிசையில்தான் வந்து நிற்கிறார்கள். செய்தி வரத்து நின்றுபோய் கார்லாவின் கடையில் ஈ ஓட்டுகிறோம்.

இடம் கிடைத்த அந்த வாரச் சனிக்கிழமை சவுனாவில் கார்லா விடவில்லை.

"இங்க பாரு, அந்த ஆளே ஒலிபெருக்கி வெச்சுச் சொல்லிட்டாரு. இனிமே என்னடி ரகசியம்? ஒண்ணே ஒண்ணு சொல்லு. படத்துல முள்ளு எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு? அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு? என்ன போட்டிருந்தாரு?"

ரோண்டா கரண்டியைக் கையில் எடுத்தாள். தண்ணீர் மொண்டாள். கற்களின்மேல் நிதானமாக விட்டாள். ஆவி குப்பென்று எழுந்து இருவரையும் மூடியது.

அந்த ஆவிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் மாதிரி, அப்புறம் விக்கல் மாதிரி, அப்புறம் பலகையெல்லாம் அதிர. பிப்ரவரியிலிருந்து உள்ளேயே கிடந்த சிரிப்பு. கார்லா என்ன ஏது என்று தெரியாமலே தானும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சொல்லேண்டி, சொல்லிட்டுச் சிரியேன்!"

ரோண்டா சொல்லவில்லை. சிரிக்க மட்டும் செய்தாள்.